குடிக்காதவரின் ஈரல்

"செத்தவருக்கு ஈரல் பழுதாம். அதுவும் குடிச்சுக் குடிச்சுப் பழுதானதாம். இன்சூரன்ஸ்காரர் அப்பிடித்தான் எழுதியிருக்கினம்," என்று சொல்லிவிட்டுச் செல்வமலர் கையுறையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். "என்ரை மனுசன் ஒரு நாளும் குடிச்சதில்லை, அண்ணை."

எல்லா மனுசிமாரும் அப்படித்தான் சொல்லுறவை என்று நாக்கு நுனிவரை வந்ததை வலன்ரைன் தேத்தண்ணியோடு விழுங்கினார். மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சனில், டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கு மேலே ஒற்றை அறைக் கந்தோர் அவருடையது. துப்பறிவாளர் என்று கதவில் பிரெஞ்சில் எழுதியிருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் வருமான வரி நிரப்ப வந்தார்கள். மீதிப்பேர் வருங்கால மருமகனைப் பின்தொடரச் சொல்லி வந்தார்கள். அந்தத் தொழிலில் குடிக்காத ஆம்பிளையை அவர் அபூர்வமாகத்தான் கண்டிருந்தார்.

கதை இதுதான். செல்வமலரின் புருசன் குணரத்தினம் ஜனவரியில் ரொக்ஸ்பரோவில் தன் வீட்டு வாசலில் ஸ்னோ அள்ளிக்கொண்டு நின்றவர், அப்படியே சரிந்துபோனார். மாரடைப்பு. ஆயுள் காப்புறுதி எடுக்கும்போது குடிப்பதில்லை, ஈரல் வருத்தம் இல்லை என்று கையெழுத்து வைத்திருந்தார். இப்போது ஆஸ்பத்திரிக் கோப்பைப் பார்த்த கம்பனி, மனிதர் பொய் சொல்லியிருக்கிறார் என்று காப்புறுதியையே ரத்துச் செய்துவிட்டது.

மூலையில் கணினிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழும்பியது. ஷ்ருதி. சென்னையில் மருத்துவக் கோடிங் கம்பனியில் இருந்து அமெரிக்கக்காரரின் வியாதிகளுக்கெல்லாம் நம்பர் போட்டவள். கணவனுக்கு மொன்றியலில் வேலை கிடைத்ததால் வந்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வலன்ரைனிடம் ஒட்டிக்கொண்டவள். அவளுடைய வாய்க்கு வரி போட்டால் கியூபெக் அரசாங்கத்தின் கடன் அடைந்துவிடும்.

"சார், இந்த நோய்க் கோடு முதல்ல இப்படி இல்ல," என்றாள், செல்வமலர் கொண்டுவந்த கோப்பைப் புரட்டிக்கொண்டே. "போன வருசம் வரைக்கும் இவர் பேர்ல இருந்தது 'கல்லீரல் நோய், காரணம் குறிப்பிடல'. சாதுவான கோடு. யாரையும் கடிக்காது. அப்புறம் அந்தக் கிளினிக் புது கோடு முறைக்கு மாறியிருக்கு. அதுல காரணம் போடலைன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே விடாது. எவனோ உக்காந்து பழைய குறிப்பைத் தோண்டி, 'மதுவால் வந்த ஈரல் சுருக்கம்'னு தட்டிட்டுப் போயிட்டான். சாதுவுக்குப் பல்லு முளைச்சிருச்சு."

"அப்ப பழைய குறிப்பிலையும் குடிக்கிறவர் எண்டுதான் கிடக்கோ?" என்று செல்வமலர் கேட்டாள்.

ஷ்ருதி வலன்ரைனைப் பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா," என்றாள்.

செல்வமலர் அப்போதுதான் கையுறையைக் கழற்றினாள். "காசு வராட்டில் போகட்டும், அண்ணை. நான் கார்டெரியிலை பிள்ளையள் பாக்கிறனான், என்ரை சீவியம் போகும். எனக்கு ஒண்டே ஒண்டு தெரியவேணும். அந்த மனுசன் இவ்வளவு வருசமும் என்னட்டை ஒளிச்சுக் குடிச்சவரோ, இல்லையோ? ஓமெண்டா நான் ஆரோடை குடும்பம் நடத்தினனான் எண்டே எனக்குத் தெரியேல்லை."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் வலன்ரைனுக்கு ஆறுதல் சொல்ல ஏதாவது வாய்த்திருக்கும்.

அவள் படியிறங்கிப் போனதும் அவர் குளிர்க் கோட்டை மாட்டினார்.

"எங்க சார்?"

"லாசாலுக்கு. அந்தக் கிளினிக் அங்கைதான் கிடக்கு. ரொக்ஸ்பரோவிலை இருக்கிற மனுசன், வழியிலை இருக்கிற அத்தினை கிளினிக்கையும் விட்டிட்டு லாசாலுக்கு ஏன் போனவர்?"

"மாமியார் வீடு பக்கத்துல இருக்கும்."

"மாமியார் செத்து எத்தினை வருசம். சார் எண்டு கூப்பிடாதையும் பிள்ளை, எனக்கு வாத்தியார் ஞாபகம் வருது."

*

கிளினிக் ஒரு வணிகத் தொகுதியில், சலவைக் கடைக்கும் பற்களைக் காட்டிச் சிரிக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்தது. தாதி மிரேய், ஹெயிற்றிப் பெண், வாய் நிறையச் சிரிப்பு. செல்வமலர் கையெழுத்திட்ட அனுமதியைப் பார்த்தாள். மிஸ்யூ குணரத்தினம் இறந்துவிட்டார் என்று வலன்ரைன் தன் மூலைக்கடைப் பிரெஞ்சில் சொன்னதும் நெஞ்சில் கைவைத்தாள்.

"அந்தப் பகிடிக்காரரா? ஐயோ! எவ்வளவு அழகான பிரெஞ்சு அவருடையது. எங்கள் பிரெஞ்சு இல்லை, பாரிஸ் பிரெஞ்சு. ஊசி போடும்போதுகூட என்னைச் சிரிக்க வைப்பார்."

வலன்ரைனின் காது நிமிர்ந்தது. தமிழில் மெதுவாகச் சொன்னார்: "குணரத்தினத்துக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி', அவ்வளவுதான். மனுசி சொன்னது. டாக்டரிட்டைப் போறதெண்டா மொழிபெயர்க்க மகளைக் கூட்டிக்கொண்டு போறவராம்."

"மாரடைப்பு வர்றதுக்கு முன்னாடி ஆன்லைன்ல படிச்சிருப்பாரோ?"

வலன்ரைன் அவளை முறைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் குணரத்தினத்தின் படத்தைத் தாதியிடம் காட்டினார். கோயில் திருவிழாவில் எடுத்தது. திருநீறு, நரைத்த மீசை, கொஞ்சம் பயந்த கண்.

மிரேய் தலையை ஆட்டினாள். "இவரைத் தெரியும். ஆனால் இவர் மிஸ்யூ குணரத்தினம் இல்லை. இவர் கூட வருகிறவர். பாவம், வாய் திறக்கமாட்டார். அந்தக் கதிரையில்தான் இருப்பார், நோயாளியின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு. டாக்டரின் கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் எழும்பி நிற்பார்."

ஒரு கணம் மூன்று பேரும் அந்த வெறும் கதிரையைப் பார்த்தார்கள்.

"அரசாங்க வைத்திய அட்டையில் படம் இருக்குமே?" என்று வலன்ரைன் அவளிடம் பிரெஞ்சில் கேட்டார். மிரேயின் சிரிப்பு போய்விட்டது. நடக்கக்கூடாத ஒன்று தன் கண்முன்னே நடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது போலும்.

வெளியே வந்ததும் ஷ்ருதி சொன்னாள்: "படம் இருந்தா என்ன சார்? நம்ம மூஞ்சி எல்லாம் இவங்களுக்கு ஒரே ஜெராக்ஸ். மீசை இருந்தா போதும், அட்டை செல்லும்."

"அப்ப விளங்குதோ? குணரத்தினம் குடிக்கேல்லை. தன்ரை மெடிகேர் காட்டை ஆருக்கோ குடுத்திருக்கிறார். இவற்றை பேரிலை வந்து படுத்தது வேறை ஒருத்தன்ரை ஈரல்."

"சூப்பர்! அக்காகிட்ட இப்பவே சொல்லிடலாம்."

"என்னெண்டு? 'உங்கடை மனுசன் குடிக்கேல்லை, ஆனா உங்களுக்குத் தெரியாமல் ஒருத்தனைக் கட்டிக் காத்தவர், ஆரெண்டு தெரியாது' எண்டோ? அரைக் கதையோடை போனா மனுசிக்கு விசர் பிடிக்கும்."

*

காருக்குள் சூடாக்கி கனைத்துக்கொண்டிருந்தது. வலன்ரைன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியில் மரண அறிவித்தல்களைத் தேடினார். இதில் சும்மா சொல்லக்கூடாது, அவர் விண்ணன். காலையில் எழும்பினால் முகம் கழுவமுதல் யார் செத்தது என்று பார்க்கிற சாதி நாங்கள். வலன்ரைன் ஒரு படி மேலே போய், அதை இரண்டு தரம் வாசிக்கிறவர்.

"இது குணரத்தினத்தின்ரை. பாரும். தாய், தகப்பன், மாமன், மாமி, சகோதரங்கள், மைத்துனர்மார், சகலன்மார். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்திலை நாடு. லண்டன், ஜெர்மனி, நோர்வே."

"எங்க ஊர்ல நாலு வரியோட முடிச்சிருவாங்க. இது என்ன சார், வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்கு?"

"இஞ்சை பாரும். இது செல்வமலரின்ரை தகப்பன் செத்தபோது வந்தது, கன வருசத்துக்கு முந்தி. பிள்ளையள் ரெண்டு பேர். செல்வமலர், கனடா. இரவிச்சந்திரன், பிரான்ஸ்." அவர் மறுபடி முதல் அறிவித்தலுக்குப் போனார். "இப்ப குணரத்தினத்தின்ரையிலை மனுசியின்ரை ஒரே தம்பி எங்கை?"

ஷ்ருதி மேலும் கீழும் தேடினாள். "இல்ல. மறந்திருப்பாங்க."

"நோட்டீசிலை பேரை மறக்கிறதோ? எங்கடை ஆக்கள் மறந்துபோன ஆளையும் தேடிப் பிடிச்சுப் போடுவினம். செத்தவனெண்டா காலஞ்சென்ற எண்டு போட்டு உள்ளுக்கை சேர்ப்பினம். ஆகவே இவன் சாகேல்லை. உயிரோடை இருக்கிற ஒருத்தனை விட்டிருக்கினமெண்டா, அது வேணுமெண்டு விட்டது."

"பாரிஸ் பிரெஞ்சு!" என்று ஷ்ருதி கத்தினாள்.

"மெல்லப் பிள்ளை. என்ரை காது இன்சூரன்சிலை இல்லை."

கோப்பின்படி ஈரலுக்கு மருந்து எடுத்த பார்மசியும் லாசாலில்தான் இருந்தது. அதற்கு எதிரே ஒரு தமிழ்ப் பேக்கரி. வலன்ரைன் உள்ளே போய் இரண்டு மட்டன் ரோல் வாங்கினார். மிச்சக் காசை எடுக்கும்போது, ஏதோ ஊர்க்கதை கேட்கிற மாதிரி, "பாரிஸ் ரவி இண்டைக்கு வேலையோ?" என்று ஒரு கல்லை விட்டெறிந்தார். பாரிசால் வந்த ரவிக்கு எங்கள் ஆட்கள் வேறென்ன பேர் வைக்கப்போகிறார்கள்?

"பின்னுக்கு வெங்காயம் உரிக்கிறார்," என்றாள் கடைக்காரி.

*

இரவிச்சந்திரன் மெலிந்துபோய் இருந்தான். கண் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. ஆனால் கை நடுங்கவில்லை. வலன்ரைன் அதைத்தான் முதலில் பார்த்தார். குணரத்தினத்தின் பேரைச் சொன்னதும் அவன் கத்தியை வைத்துவிட்டு எழும்பினான்.

"அத்தான் அனுப்பினவரோ? கோபமோ என்னிலை? ரெண்டு மாசமா வரேல்லை. போன் எடுத்தாலும் எடுக்கிறாரில்லை. நான் திரும்பக் குடிக்கத் துவங்கிட்டன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டாங்கள் போலை. நான் தொடேல்லை எண்டு சொல்லுங்கோ. வேணுமெண்டா இப்பவே ஊதிக் காட்டுறன்."

ஷ்ருதி சட்டென்று திரும்பி, அடுக்கியிருந்த மாப் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தொழிலில் வலன்ரைன் எத்தனையோ சாவை அறிந்தவர். தானே முதல் ஆளாகப் போய்ச் சொல்ல வேண்டி வந்தது மட்டும் குறைவு. அவர் சொன்னார். இரவிச்சந்திரன் நின்ற இடத்திலேயே குந்தினான். வெங்காயக் கையால் கண்ணைத் துடைக்கப் போனவனை வலன்ரைன் பிடித்து, தன் கைலேஞ்சியைக் கொடுத்தார்.

பிறகு அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். பாரிசில் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு மொன்றியலுக்கு வந்தவன். அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் தாய்மாமன் அவன்தான். மேடையில் பிள்ளைக்கு மாலை போட வேண்டியவன், நிறைவெறியில் ஏறி, ஆரத்தித் தட்டையும் நிறைகுடத்தையும் தள்ளிக்கொண்டு பிள்ளையின் காலடியில் விழுந்தான். மண்டபம் நிறையச் சனம். வீடியோக்காரன்கூடக் கமராவைத் தாழ்த்தவில்லை.

"அக்கா அண்டைக்கே சொல்லிப்போட்டா, தனக்குத் தம்பி இல்லையெண்டு. அதிலை பிழையில்லை. பேந்து இஞ்சையும் கேஸ் சரிவரேல்லை. மெடிகேர் காட் இல்லை, ஒண்டும் இல்லை. ரத்தம் ரத்தமாச் சத்தியெடுத்துக்கொண்டு கிடந்தன். அத்தான்தான் வந்து தூக்கினவர். தன்ரை காட்டை நீட்டி, 'இனி நீதான் குணரத்தினம், மீசையை மட்டும் எடுத்துப்போடாதை' எண்டு சிரிச்சவர். அக்காவுக்குச் சொல்லாதை எண்டு மட்டும் கேட்டவர்."

"இப்ப அந்த வருத்தம் அவற்றை பேரிலை நிக்குது, தம்பி. உங்கடை அக்கா அவரைக் குடிகாரர் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

இரவிச்சந்திரன் ஏப்ரனை அவிழ்த்தான். "எங்கை சைன் வைக்கவேணும்? அது என்ரை ஈரல் எண்டு நான் சொல்லுறன்."

"சொன்னா உம்மைப் பிடிச்சு அனுப்புவாங்கள்."

"அனுப்பட்டும். முகம் கழுவிப்போட்டு வாறன்."

அவன் உள்ளே போனதும் ஷ்ருதி வலன்ரைனின் கையைப் பிடித்துப் பின்கதவால் வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பனி தூறிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் பகிடியின் சாயலே இல்லை.

"சார், ஃபைல்ல ஒண்ணு இருக்கு. எனக்கு இப்பதான் புரியுது. குணரத்தினத்துக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். தினமும் ஒரு மாத்திரை. அவரோட சொந்த டாக்டர் பியர்ஃபோன்ஸ்ல இருக்கார், அவர் எழுதிக் கொடுத்தது. கோடு மாறின அதே மாசம் அந்த மாத்திரை நின்னு போச்சு."

"ஏன்?"

"கோப்பு எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகுது. ஈரல் சுருங்கிப்போன ஆளுக்கு அந்த மாத்திரை கொடுக்கப் பயப்படுவாங்க. பழைய கோடு இருந்த வரைக்கும் யாரும் கண்டுக்கல. புதுக் கோடு வந்ததும் டாக்டர் நிறுத்திட்டார்." அவள் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் நிறுத்துறார்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கும் சார். 'அது நான் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மாத்திரை திரும்ப வந்திருக்கும்."

சொன்னால், 'அப்ப அது யார்?' என்று கேட்டிருப்பார்கள். குணரத்தினம் வாய் திறக்கவில்லை.

அந்தக் குளிசை இருந்திருந்தால் மனிதர் தப்பியிருப்பாரா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். வலன்ரைன் குரலைத் தாழ்த்தினார். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். "அக்கா, தம்பி, ரெண்டு பேருக்கும்."

*

ரொக்ஸ்பரோவில் காரை நிறுத்தியபோது இரவிச்சந்திரன் இறங்க மாட்டேன் என்றுவிட்டான். "அக்கா கூப்பிட்டா வாறன்." ஷ்ருதியை அவனோடு விட்டுவிட்டு வலன்ரைன் மேலே ஏறினார்.

செல்வமலர் கதவோரமே நின்றபடி முழுக்கதையையும் கேட்டாள். கதிரை, மடியில் கோட், டாக்டரின் கதவு திறக்கும்போது எழும்பி நின்றது, காட், மீசை. குளிசையை மட்டும் அவர் விழுங்கிக்கொண்டார். அவர் குடிக்கவில்லை என்ற இடம் வந்தபோது அவள் கண்ணை மூடினாள். தம்பியின் பேர் வந்தபோது திறந்தாள்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன பேயோ?"

வலன்ரைன் திறந்திருந்த கதவைச் சாத்தினார்.

"நான்தான் சொன்னனான்," என்று அவளே தொடர்ந்தாள். "அவன்ரை பேரை இந்த வீட்டிலை எடுத்தா நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன் எண்டு. மனுசன் பயந்துபோச்சு. நான் போயிடுவன் எண்டு பயந்துபோச்சு." சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திடீரென்று கேட்டாள்: "ஈரல் பழுதெண்டா கொலஸ்ரரோல் குளிசையை நிப்பாட்டுவினமோ, அண்ணை?"

வலன்ரைன் தேர்ந்த பொய்யர். தொழிலே அதுதான். அந்த நேரம் பார்த்து ஒரு பொய்கூட வாய்க்கு வரவில்லை.

"அப்ப அதுதான்," என்றாள் செல்வமலர். "போன வருசம் டாக்டரிட்டைப் போயிட்டுச் சிரிச்சுக்கொண்டு வந்தார். தனக்கு எல்லாம் சுகமாப் போச்சாம், இனிக் குளிசை வேண்டாமாம். நான் சந்தோசத்திலை பிள்ளையாருக்கு மோதகம் அவிச்சனான், அண்ணை. இருந்து ஒண்டொண்டாச் சாப்பிட்டவர். நல்லாயிருக்கப்பா எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டவர்."

அப்போதுதான் அவள் அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வலன்ரைன் சப்பாத்தைப் பார்த்தார். ஒரு பாட்டம் அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ரவி சைன் வைக்க வந்திருக்கிறான்," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "கீழை காருக்கை இருக்கிறான். அவன் எழுதிக் குடுத்தா கோப்பிலை இருக்கிற அந்தக் கோடு மாறும். இன்சூரன்சோடையும் கதைச்சுப் பாக்கலாம். உங்கடை மனுசன்ரை பேரிலை இருக்கிற கறை போகும்."

"அவனை அனுப்பிப்போடுவாங்கள்."

"ஓம்."

"வேண்டாம். சைன் வைக்க விடாதேங்கோ."

"அப்ப குணரத்தினத்தின்ரை பேர்?"

"அவர் தானாத்தானே குடுத்தவர். திருப்பி வாங்க நான் ஆர்?" அவள் கொழுவியிலிருந்து கோட்டை இழுத்தெடுத்தாள். "குளிசைக் கதை அவனுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சரி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவசரத்தில் வீட்டுச் செருப்போடுதான் இறங்கினாள்.

அக்கா வருவதைக் கண்டு இரவிச்சந்திரன் காரை விட்டு இறங்கினான். நெருங்கத் தயங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளும் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. இத்தனை வருடக் கோபம் ஒரு படிக்கட்டில் இறங்கிப் போய்விடுமா? மஞ்சள் பாரித்த அந்தக் கண்ணைப் பார்த்தாள், மெலிந்த தோளைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான். "அக்கா, அத்தான் எப்பிடி... ஒழுங்காத்தானே இருந்தவர். இருதயத்துக்கு ஒரு குளிசை போடுறவர், என்னோடை தேத்தண்ணி குடிக்கேக்கை போடுறவர். கொஞ்ச நாளா நான் காணேல்லை. அதை விட்டிட்டாரோ?"

ஷ்ருதி வலன்ரைனைப் பார்த்தாள்.

"இல்லையடா," என்றாள் செல்வமலர். "வீட்டிலை வைச்சுப் போட்டவர். நான்தான் எடுத்துக் குடுக்கிறனான். கடைசி நாள்மட்டும் ஒழுங்காப் போட்டவர்."